இரக்கமா? காதலா?

“காதல் நாடகமாம்! கண்ணீராம்! கடல் கடந்த ஜப்பானின் தொலைக்காட்சியிலே வந்ததாம்! பகுத்தறிவு பேசும் இளைஞனுக்கு இதுவா வேலை?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கட்டும், கேள்வி கேட்பது நல்ல பழக்கம். ஆனால், அந்தக் கேள்விக்குள்ளே ஒரு முடிவு ஒளிந்துகொண்டிருக்கிறது. அழுகை அறிவுக்குப் பகை, காதல் கதை களைத்தவனுக்கு ஊற்றப்படும் கள், கண் கலங்கியவன் கருத்தை இழந்தவன் என்ற முடிவு அது. முடிவை முன்னே நிறுத்திவிட்டுக் கேள்வியைப் பின்னே இழுத்து வருவது பழைய பண்டிதர்களின் முறை. நமக்கு அது வேண்டாம்.

கண்ணீர் எல்லாம் ஒன்றல்ல, தோழர்களே! விதியை நினைத்து வடிக்கும் கண்ணீர் உண்டு. அது மனிதனைப் படுக்க வைக்கும். பிறர் துன்பத்தைக் கண்டு, ‘அந்தோ, பாவம்!’ என்று வாய் சொல்ல, ‘நல்ல வேளை, நமக்கு இந்த நிலை இல்லை’ என்று உள்ளம் மகிழ வடிக்கும் கண்ணீர் உண்டு. அது மனிதனை உயரத்திலே உட்கார வைக்கும். ‘ஏன் இப்படி? யார் செய்தது? மாற்ற முடியாதா?’ என்று கேட்க வைக்கும் கண்ணீரும் உண்டு. அது மனிதனை எழுந்து நிற்க வைக்கும். ஒரு நாடகத்தை எடை போடுவதானால், எவ்வளவு கண்ணீர் வந்தது என்று அளந்து பயனில்லை. எந்தக் கண்ணீர் வந்தது என்று பார்க்க வேண்டும்.

‘சைலண்ட்’ என்ற ஜப்பானியத் தொடர் நாடகத்திலே நான் மயங்கினேன். மறைக்க ஒன்றுமில்லை. பதினொரு பாகங்களையும் பார்த்தேன். சில பாகங்களை மறுமுறையும் பார்த்தேன். மயங்கியவன் மயக்கத்தின் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டவன். மயக்கிய பொருளின் குறையையும் சொல்லக் கடமைப்பட்டவன். இரண்டையும் இங்கே வைக்கிறேன்.

2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வியாழக்கிழமை இரவுகளிலே ஃபுஜி தொலைக்காட்சி ஒளிபரப்பிய நாடகம் இது. எழுதியவர் உபுகதா மிகு என்ற இளம்பெண். புதிய எழுத்தாளர்களுக்காக அதே நிறுவனம் நடத்தும் போட்டியிலே 2021-இல் முதற்பரிசு பெற்றவர். தொடர் நாடகம் எழுதியது அவருக்கு இதுவே முதல் முறை. புகழ்பெற்ற புதினம் எதையும் தழுவாமல், தன் கற்பனையிலிருந்தே எழுதினார்.

கதை எளியது. உயர்நிலைப் பள்ளியிலே ஒரு மாணவன், சோ. தான் எழுதிய கட்டுரையைப் பள்ளி முழுவதும் கூடியிருக்க மேடையிலே படிக்கிறான். சொல் எதற்காக இருக்கிறது என்பது அக்கட்டுரையின் கேள்வி. கூட்டத்திலே நின்ற சுமுகி என்ற மாணவி அந்தக் குரலிலே மனத்தைப் பறிகொடுக்கிறாள். இருவரையும் இணைப்பது இசை. ஒரே பாட்டை இருவரும் பகிர்ந்து கேட்டுக் காதல் வளர்கிறது. பள்ளி முடிகிறது. இளமையிலேயே இரு செவிகளையும் தாக்கும் நோய் சோவைப் பற்றுகிறது. நாளுக்கு நாள் உலகின் ஒலி குறைகிறது. அவன் அவளிடம் காரணம் சொல்லவில்லை. ஒரு குறுஞ்செய்தியிலே உறவை அறுத்துக்கொண்டு மறைகிறான்.

எட்டு ஆண்டுகள் கழிகின்றன. சுமுகி இப்போது தோக்கியோவிலே இசைத்தட்டு விற்கும் கடையிலே வேலை பார்க்கிறாள். பள்ளித் தோழன் மினாத்தோ அவளுடைய காதலன். சோவுக்கும் அவன் பழைய நண்பன். ஒரு நாள் தொடர்வண்டி நிலையத்திலே சோவைக் காண்கிறாள் சுமுகி. பெயரைச் சொல்லி அழைக்கிறாள். அவன் திரும்பவில்லை. மீண்டும் அழைக்கிறாள். அவன் போய்க்கொண்டே இருக்கிறான். இசையை விற்கிற பெண். இசையை இழந்த ஆண். கவாகுச்சி ஹருனாவும் மெகுரோ ரெனும் இவ்விரு வேடங்களையும் ஏற்றிருக்கின்றனர். இருவரும் கூச்சலின்றி நடித்திருக்கின்றனர்.

இதுவரை கேட்டால் வழக்கமான சோகக்கதை போலத்தான் தோன்றும். நோய், பிரிவு, சந்திப்பு, முக்கோணக் காதல் என்று சரக்கு பழையதுதான். ஆனால் முதல் பாகத்தின் முடிவிலே ஒரு காட்சி வருகிறது. அங்கேதான் நாடகம் பழைய பாதையை விட்டு விலகுகிறது.

எதிரெதிரே நிற்கிறார்கள். அவள் பேசுகிறாள், கேட்கிறாள், கெஞ்சுகிறாள். அவனுடைய கைகள் திடீரென்று எழுகின்றன. விரைந்து, வெறி கொண்டவை போல அசைகின்றன. கண்ணிலே நீர் வழிகிறது. நீ பேசுவது எனக்குப் புரியாது, பேசாதே, நீ இரைச்சலிடுகிறாய் என்று சைகை மொழியிலே சொல்லித் தீர்க்கிறான். பள்ளிக் காலத்திலே ஒரு பனிநாளில், ‘எவ்வளவு அமைதி!’ என்று உரக்கச் சொல்லித் துள்ளிய அவளைப் பார்த்து, ‘உன் குரல்தான் இரைச்சல்’ என்று சிரித்தவன் அவனே. அதே சொல், அன்று கொஞ்சல், இன்று கதறல். அவளுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அவன் அனைத்தையும் சொல்லிவிட்டான். அவள் எதையும் கேட்கவில்லை.

தோழர்களே, இந்த இடத்திலே காது கேளாதவர் யார்?

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்றொரு பழமொழியை நாமும் வாய் கூசாமல் பேசிவருகிறோம். ஊதியவனுக்குக் குற்றமில்லை, கேளாதவனுக்கே குற்றம் என்பது அதன் தீர்ப்பு. இந்த ஒரு காட்சி அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போடுகிறது. அவனிடம் மொழி இருக்கிறது. முழுமையான மொழி, கோபத்தையும் காதலையும் ஒருசேரக் கொட்டவல்ல மொழி. இல்லாதது அவளிடம். குறை அவனது செவியிலே இல்லை. அவளது கைகளிலே இருக்கிறது. கற்காத கைகள்! அதை உணர்ந்த சுமுகி என்ன செய்கிறாள்? கோயிலுக்குப் போகவில்லை. நேர்ந்துகொள்ளவில்லை. மருத்துவனைத் தேடி மறுபடி காது கொடுக்கச் சொல்லவில்லை. சைகை மொழி கற்றுக்கொடுக்கும் வகுப்பிலே போய்ச் சேருகிறாள்!

இதுதான் என்னை மயக்கிய இடம். கண்ணிழந்தவளுக்குக் கடைசிக் காட்சியிலே பார்வை திரும்புவதும், நடக்காதவன் சந்நிதியிலே எழுந்து ஓடுவதும் எத்தனை கதைகளிலே பார்த்துவிட்டோம்! குறையுள்ளவன் குறை நீங்கினால்தான் கதைக்கு மங்கல முடிவு என்பது அக்கதைகளின் எண்ணம். ‘சைலண்ட்’ நாடகத்திலே அற்புதம் நிகழவில்லை. சோவின் செவி திரும்பவில்லை. பதினோராம் பாகத்திலும் அவனுக்குக் கேட்காது. மாறியது அவனல்லன், அவனைச் சுற்றியிருந்தவர்கள். முன்வினை, ஊழ், சோதனை என்ற சொற்களுக்கு இங்கே வேலையே இல்லை. நோய் நோயாகவே வருகிறது. மனிதர் மனிதராகவே எதிர்கொள்கின்றனர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்நாடகத்திலே வில்லன் இல்லை. கைவிடப்படும் மினாத்தோவைக்கூட எழுத்தாளர் சிறுமைப்படுத்தவில்லை. அவன்தான் முதலில் அவளை விட்டு விலகுகிறான். விலகியபின் இருவருக்கும் நண்பனாகவே இருக்கிறான். அந்த வேடத்தை ஏற்ற சுசுகா ஓஜி, சிரித்த முகத்தோடு தோற்பது எவ்வளவு கடினம் என்று காட்டியிருக்கிறார். கெட்டவனைத் தேடி அடித்து முடித்தால் பார்ப்பவனுக்குக் கணக்குத் தீர்ந்துவிடும். இங்கே கெட்டவன் இல்லாததால் கணக்கு நம் பக்கம் நிற்கிறது.

நாடகத்தின் அமைப்பே இதற்குத் துணை செய்கிறது. சைகையிலே பேசும் காட்சிகளில் குரல் இல்லை. திரையின் அடியிலே எழுத்து வரி ஓடுகிறது. அந்நாட்டுப் பார்வையாளர், சமையல் செய்துகொண்டே காதால் கேட்டுவிட்டுப் போக முடியாது. கண்ணைத் திரையிலே ஊன்ற வேண்டும். ஊன்றாதவருக்குக் கதை கிடையாது. கேட்பவர்களை ஒரு மணி நேரம் கண்ணால் கேட்க வைத்த நாடகம் இது. அதன் கருப்பாடலுக்கே ‘சப்டைட்டில்’ என்று பெயர்.

ஜப்பான் மொழி அறியாத நமக்கோ இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. சுமுகி வாயால் பேசினாலும் நமக்கு அடிவரி. சோ கையால் பேசினாலும் நமக்கு அடிவரி. வாய்ப்பேச்சு உயர்ந்தது, கைப்பேச்சு தாழ்ந்தது என்ற ஏற்றத்தாழ்வு நம் கண்முன் கரைந்து போகிறது. இரண்டும் நாம் அறியாத மொழிகள். இரண்டும் கற்றால் வரும் மொழிகள். அயலானாக உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் இந்தச் சமநிலை முழுதும் விளங்கும்.

சைகை மொழி வகுப்பின் ஆசிரியர் ஹருவோ என்ற பாத்திரம், நாடகத்தின் மனச்சான்று. கசாமா ஷுன்சுகே நடித்திருக்கிறார். சைகை மொழி தெரிந்தவன் என்றாலே நல்லவன், தியாகி, பெருந்தன்மைக்காரன் என்று மக்கள் எண்ணிக்கொள்வது கண்டு அவனுக்கு எரிச்சல். ஏன் எரிச்சல்? ஒருவன் பிரெஞ்சு மொழி படித்தால் அவனை வள்ளல் என்று யாராவது சொல்வார்களா? படித்தவன் என்பார்கள், அவ்வளவே. காது கேளாதவரின் மொழியைப் படித்தால் மட்டும் வள்ளல் பட்டம் ஏன் வருகிறது? படிப்பவன் மேலே இருக்கிறான், படிக்கப்படும் மொழியின் மக்கள் கீழே இருக்கின்றனர் என்ற எண்ணம் அடியிலே இருப்பதால்தான்!

ஹருவோவுக்கு அந்த எரிச்சல் பட்டறிவிலே பிறந்தது. மாணவப் பருவத்திலே, பிறவியிலேயே கேளாத நனா என்ற பெண்ணுக்கு வகுப்பிலே பேசப்படுவதை எழுத்தாக்கிக் கொடுக்கும் உதவியாளனாகப் போனவன் அவன். நட்பு வளர்ந்தது. அவளிடமே சைகை மொழி கற்றான். பின்னர் அந்த மொழியை மற்றவர்க்கு உதவும் தொண்டாக ஆக்கப் புறப்பட்டான். நனாவின் நெஞ்சிலே முள் தைத்தது. ‘நான் உன் தோழியா? உன் தொண்டுக்குக் கிடைத்த பொருளா?’ என்பதே அவளுடைய கோபத்தின் உட்பொருள். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட காரியம். ஆனால் நட்பைச் சமநிலையிலிருந்து தள்ளிய காரியம்.

இரக்கம் மேலிருந்து கீழே வருவது. காதல் நேர் எதிரே நிற்பது. இரக்கம் கொள்பவன் கற்கத் தேவையில்லை, கொடுத்தால் போதும். காதலிப்பவன் கற்றே தீர வேண்டும். தலைப்பிலே கேட்ட கேள்விக்கு நாடகம் தரும் விடை இதுதான். இளம் உள்ளங்களிலே இந்த விடையைப் பதித்ததற்காகவே உபுகதா மிகுவைப் பாராட்டலாம்.

பாராட்டியாயிற்று. இனிக் கணக்குக் கேட்போம்.

காது கேளாதோர் காதல், ஜப்பானியத் தொலைக்காட்சிக்குப் புதிதன்று. 1995-இலே இரண்டு தொடர்கள் ஓடின. ஒன்று, ‘விண்மீன் பொற்காசு’ என்று பொருள்படும் பெயரை உடையது. சகாய் நோரிக்கோ, காதும் பேச்சும் இல்லாத செவிலிப் பெண்ணாக நடித்தது. மற்றொன்று, ‘காதலிக்கிறேன் என்று சொல்லு’ என்பது. கிதாகவா எரிக்கோ எழுதியது. தொயோகவா எத்சுஷி காது கேளாத ஓவியனாக நடித்தது. அதே கிதாகவா 2004-இலே ‘ஆரஞ்சு நாட்கள்’ எழுதினார். அங்கே காது கேளாதவள் கதாநாயகி. நாடு உருகியது. பாட்டுகள் பரவின. சைகை மொழி கற்க ஆவல் எழுந்தது. நல்லதுதான்.

அந்த 1995-ஆம் ஆண்டைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். அதே ஆண்டிலே கிமுரா ஹருமி, இச்சிதா யசுஹிரோ என்ற இருவர் ‘காது கேளாதோர் பண்பாட்டு அறிக்கை’ ஒன்றை வெளியிட்டனர். நாங்கள் குறையுள்ளவர்கள் அல்லர். ஜப்பானிய மொழியினின்றும் வேறான ஜப்பானியச் சைகை மொழியைப் பேசும் மொழிச் சிறுபான்மையினர் என்பது அதன் சாரம். அதே ஆண்டிலே சட்டப் புத்தகத்திலே இன்னொன்றும் இருந்தது. 1948-இலே இயற்றப்பட்ட ‘மேன்மரபுக் காப்புச் சட்டம்’ அது. ‘தரம் குறைந்த’ சந்ததி பிறவாமல் தடுப்பது அதன் வெளிப்படையான நோக்கம். பரம்பரைச் செவிட்டுத்தன்மையும் அதன் பட்டியலிலே இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 25,000 பேர் கருத்தடை அறுவைக்கு ஆளாயினர். அவர்களுள் காது கேளாதோரும் இருந்தனர். 1996-இலேதான் அப்பகுதிகள் நீக்கப்பட்டன. அச்சட்டம் அரசியலமைப்புக்கே முரணானது என்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 3-ஆம் நாள் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களுள் முதுமை எய்திய காது கேளாத தம்பதியரும் உண்டு.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தொலைக்காட்சியிலே காது கேளாதவளின் காதலுக்காக நாடு கண்ணீர் விட்டது. அதே நாட்டின் சட்டம், காது கேளாதவளின் வயிற்றிலே குழந்தை வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தது. கைக்குட்டை ஒரு கையிலே. கத்தி மறு கையிலே! இரக்கம் எவ்வளவு மலிவானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அழுதவர்கள் கொடியவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் அழுதது திரையின் காதலுக்காக. பக்கத்துத் தெருவிலே, காது கேளாத ஆணும் காது கேளாத பெண்ணும் மணந்துகொண்டு, பிள்ளை பெறும் உரிமையை இழந்து வாழ்ந்ததைப் பற்றித் திரை பேசவில்லை, அழுதவர்களும் கேட்கவில்லை.

ஏன் பேசவில்லை? அந்தத் தொடர்களைக் கூர்ந்து பார்த்தால் காரணம் தெரியும். ஓவியனின் காதலி கேட்பவள். செவிலிப்பெண்ணின் காதலன் கேட்பவன். ஆரஞ்சு நாட்களின் நாயகன் கேட்பவன். சோவின் சுமுகியும் கேட்பவள். காது கேளாதவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்றே இணை அமைகிறது. காது கேளாத இருவர் ஒருவரையொருவர் காதலித்து, வாழ்ந்து, பெற்று, வளர்த்து மகிழும் கதை நடுவிடத்துக்கு வருவதில்லை. வந்தால் கேட்கும் உலகத்துக்கு அதிலே வேலை இருக்காதே! கைகொடுக்க வந்த கருணைமூர்த்திக்கு இடம் இருக்காதே!

‘சைலண்ட்’ நாடகத்தின் குறையும் இங்கேதான். நனாவைப் பாருங்கள். சோவின் செவி மங்கிய இருண்ட காலத்திலே அவனுக்குக் கிடைத்த தோழி அவள். சைகை மொழியை அவனுக்குக் கற்பித்தவள் அவள். அவனைக் காதலித்தவளும் அவள். தான் கொடுத்த மொழியைக் கொண்டே அவன் சுமுகியோடு பேசுவதைக் காண்கிறாள். ஆசையோடு கொடுத்த பரிசை மீண்டும் கட்டி வேறொருத்திக்கு வழங்கிவிட்டதைப் போலிருக்கிறது என்ற பொருளிலே அவள் சொல்லும்போது, காஹோ என்ற நடிகையின் முகத்திலே முழு நாடகமும் ஒரு நொடி நின்றுவிடுகிறது. அவளுக்கு ஒரு கனவும் உண்டு. காதலனோடு கைகோத்து நடந்தபடி குரலால் பேச வேண்டும். கைப்பை ஒன்றை ஏந்தி நடக்க வேண்டும். கைகளே நாவானவர்களுக்குக் கையைக் கோத்தால் பேச்சு நின்றுவிடும். பையைப் பிடித்தால் பாதிப் பேச்சு போய்விடும். இவ்வளவு நுண்ணிய உண்மையைக் கண்டெழுதியவரை வணங்கத் தோன்றுகிறது.

ஆனால் அந்தக் கனவைப் பாருங்கள். பிறவியிலேயே கேளாதவள், தன் மொழியிலே செருக்குடையவள், கனவிலே மட்டும் கேட்பவளாக ஆக ஏன் ஆசைப்பட வேண்டும்? அவள் கனவிலே காதலன் சைகையிலே வருவதாக அமைத்திருக்கக் கூடாதா? நனாவை நாடகம் தெருவிலே விடவில்லை என்பது உண்மை. பழைய நண்பன் ஹருவோவோடு அவளுக்கு மீண்டும் இணக்கம் உண்டாகிறது. ஆனால் அங்கேயும் பழைய இணைதான்: கேளாதவள், கேட்பவன். சோவும் நனாவும் ஒருவருக்கொருவர் போதும் என்று சொல்லும் துணிவு நாடகத்துக்கு வரவில்லை. காதல் கட்டளைக்குப் பிறப்பதன்று, சோ சுமுகியையே விரும்பினான் என்பார்கள். சரி. ஆனால் ஒரு சோ அப்படி விரும்பலாம். தொடருக்குத் தொடர் எல்லாச் சோக்களும் அப்படியே விரும்பினால், அது மனத்தின் விருப்பம் அன்று, வழக்கத்தின் கட்டளை.

நடிகர் தேர்விலும் அதே நிழல் விழுகிறது. சோவாக நடித்தவரும் கேட்பவர். நனாவாக நடித்தவரும் கேட்பவர். அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் காது கேளாத நடிகர்கள் இல்லையா? 2023 டிசம்பரிலே ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஒளிபரப்பிய ‘டெஃப் வாய்ஸ்’ என்ற நாடகத்திலே, காது கேளாத பாத்திரங்களுக்குக் காது கேளாத, செவித்திறன் குறைந்த நடிகர்களே வந்தனர். ஓராண்டு இடைவெளியிலே முடிந்தது, முன்பே முடியாமல் போனது ஏன்?

சைகை மொழி, ஜப்பானிலே எளிதாக வாழ்ந்துவிடவில்லை. கியோத்தோவிலே 1878-இலே அந்நாட்டின் முதல் காது கேளாதோர் பள்ளி தோன்றியபோது கைகளின் மொழிக்கு வகுப்பறையிலே இடமிருந்தது. 1880-இலே இத்தாலியின் மிலான் நகரிலே கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று முடிவு கட்டியது. காலப்போக்கிலே அந்தக் காற்று ஜப்பானையும் அடைந்தது. 1933-இலே கல்வி அமைச்சர் ஹத்தோயாமா இச்சிரோவே வாய்மொழிக் கல்வியை வற்புறுத்தினார். குழந்தைகள் உதட்டைப் பார்த்து ஊகிக்கவும், தாம் கேட்காத ஒலியை எழுப்பவும் பழக்கப்பட்டனர். வகுப்பிலே கை அசைவது குற்றமாயிற்று. ஒசாக்கா நகரப் பள்ளியின் தலைவர் தக்காஹாஷி கியோஷி மட்டும் அஞ்சாமல் சைகை மொழிக்காக வாதாடினார். வகுப்பறையிலே நிற்பவன் என்ற முறையிலே சொல்கிறேன்: குழந்தைக்கு எட்டாத மொழியிலே பாடம் நடத்திவிட்டு, குழந்தை மந்தம் என்று மதிப்பெண் போடுவதைவிடக் கொடிய மூடநம்பிக்கை வேறில்லை.

மாற்றம் கண்ணீரால் வரவில்லை. காது கேளாதோரின் நீண்ட போராட்டத்தால் வந்தது. 2011-இலே திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளிகள் அடிப்படைச் சட்டம், சைகை மொழியை மொழியென்று ஏற்றது. 2013-இலே தொத்தோரி மாநிலம் அதற்கென்றே தனி ஆணை இயற்றி வழிகாட்டியது. 2025 ஜூன் திங்களிலே சைகை மொழியை வளர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்திலே நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரிலே காது கேளாதோர் ஒலிம்பிக் போட்டி முதன்முறையாக ஜப்பானிலே, தோக்கியோவை நடுவிடமாகக் கொண்டு நடந்தது. இவற்றுள் எதையும் ஒரு காதல் நாடகம் கொண்டுவந்ததாகச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே நுழைய மனம் வேண்டும். அந்த மனத்தை உழுவது கலையின் வேலை.

அந்த வேலையை, குறைகளோடேனும், ‘சைலண்ட்’ செய்திருக்கிறது என்பதே என் தீர்ப்பு. பத்தாம் பாகத்திலே சோ உண்மையை ஒளிக்கவில்லை. மொழி கற்றாள், அருகே வந்தாள், ஆயினும் அவள் குரலை இனிக் கேட்க முடியாதே என்ற ஏக்கம் தன்னை வாட்டுகிறது என்கிறான். காதல் அனைத்தையும் வெல்லும் என்ற பொய்யை நாடகம் சொல்லவில்லை. இழப்பு இழப்பாகவே இருக்கிறது. கடைசியிலே பழைய வகுப்பறைக்கே இருவரும் வருகிறார்கள். கரும்பலகையிலே மாறி மாறி எழுதிப் பேசுகிறார்கள். சொல் எதற்காக இருக்கிறது என்று அன்று மேடையிலே குரலால் கேட்டவனுக்கு, சுண்ணக்கட்டியும் கைகளும் விடை சொல்கின்றன. ஒருவர் நெஞ்சிலிருந்து மற்றொருவர் நெஞ்சுக்குப் போவதற்காகவே சொல் இருக்கிறது. அது வாய் வழியே போனால் என்ன, கை வழியே போனால் என்ன?

ஆகவே, இளந்தோழர்களே, காதல் நாடகம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாருங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டபின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் துன்பத்திலே இயற்கை செய்தது எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு? கதையின் ஓரத்திலே நிறுத்தப்பட்டவர் யார்? அவரைப் புரிந்துகொள்ள நான் கற்க வேண்டியது என்ன?

முதற் கேள்வி விதியை விரட்டும். இரண்டாம் கேள்வி நனாவைக் காட்டும். மூன்றாம் கேள்வி, இரக்கத்தின் உயரத்திலிருந்து நம்மை இறக்கி, மாணவர் பலகையிலே உட்கார வைக்கும். அங்கே உட்காரத் துணிந்தவனே காதலிக்கத் தகுந்தவன்!